நாற்பது வினாடி என்று எழுதியவள்

கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்த மழை கள்ளக்குறிச்சிக்குள் நுழையும் முன்பே இடி விழுந்துவிட்டது. மதியம் மூன்றேகால் மணி. சேலம் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் விளக்குகள் ஒருமுறை அணைந்து, ஜெனரேட்டர் உறுமி, மறுபடி எரிந்தன. கீழ்த்தளத்துச் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்த மணிமொழிக்கு முதலில் வந்தது பிளாஸ்டிக் தீய்ந்த வாடைதான். திரும்பிப் பார்த்தாள். ரேக்கின் மேல்தட்டில் இருந்த கன்ட்ரோலரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

மருத்துவமனைக் கூரைகளில் பொருத்தியிருந்த நாற்பத்தாறு வைஃபை பெட்டிகளையும் நடத்துவது அந்தக் கன்ட்ரோலர். அது நின்றுபோனால் கீழ்த்தட்டில் இருக்கும் இரண்டாவது கன்ட்ரோலரிடம் பெட்டிகள் தாமாகவே போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இரண்டு வாங்கி வைத்திருந்தார்கள். மணிமொழி இரண்டாவதன் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். சேர்ந்த பெட்டிகள்: 0. இரண்டு நிமிடம் போனது. பூஜ்யம் அசையவில்லை.

செல்போன் அடித்தது. இரண்டாம் மாடி இதய வார்டின் பொறுப்பு நர்ஸ் இசைவாணி.

"இன்னா ஆச்சி மணிமொழி? என் ஸ்கிரீன்ல பன்னெண்டு பெட்டும் காலி. ஒரு கோடுகூட வரல."

"மெயின் மிஷின் இடியில போயிடுச்சி சிஸ்டர். பாத்துக்கினு இருக்கேன்."

"எவ்ளோ நேரம் ஆவும், அத்த சொல்லு."

"தெரியல சிஸ்டர்."

இசைவாணி போனை வைத்துவிட்டாள்.

அந்த வார்டில் பன்னிரண்டு நோயாளிகளின் கழுத்திலும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி தொங்கும். நெஞ்சில் ஒட்டிய வயர்களிலிருந்து இதயத் துடிப்பை வாங்கி, வைஃபை வழியாக நர்ஸ் மேசைத் திரைக்கு அனுப்பும். கருவிக்குச் சொந்தமாகத் திரையும் கிடையாது, சத்தமும் கிடையாது. துடிப்பு தப்பினால் அலறுவது நர்ஸ் மேசைதான். இப்போது அந்த மேசைக்குக் கண் இல்லை.

மணிமொழி, மருத்துவமனையின் வைஃபையைப் பராமரிக்கத் தன்னை இங்கே அனுப்பியிருந்த கம்பெனியின் சீனியர் அறிவுச்செல்வனைச் சென்னையில் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டாவது கன்ட்ரோலருக்கு மின்சாரம் சரி. கேபிள் சரி. வெளியே நடைகூடத்துக் கூரையில் இருந்த பெட்டி பச்சையாக எரிவதும், மினுக்குவதும், அணைந்து மறுபடி பச்சையாவதுமாக இருந்தது. சேர வழி தேடித் தேடித் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குள் நிர்வாக மேலாளர் தங்கதுரை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். சட்டை தோள்பட்டையில் நனைந்திருந்தது. "இன்னாம்மா இது? ஒண்ணு போனா இன்னொண்ணு வேலை செய்யும்னு சொல்லித்தான வாங்க வெச்சீங்க?"

அவள் பதில் சொல்லுமுன் போனில் அறிவுச்செல்வன் குறுக்கிட்டார். "மணிமொழி, ஜூன் மாசம் நீ டெஸ்ட் பண்ண ரிப்போர்ட்டத்தான் பாத்துக்கினு இருக்கேன். நாப்பது செகண்டுல எல்லா பெட்டியும் ரெண்டாவதுல சேர்ந்துச்சின்னு போட்டுக்கிற. அப்போ செட்டிங்ல தப்பு இல்ல. இடியில மாடி சுவிட்ச் அடி வாங்கியிருக்கும். ஒண்ணொண்ணா கழட்டி மாத்த ஆரம்பி."

மூன்று மாடி. பெட்டிகளின் கேபிள்களை இணைக்கும் ஆறு சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமாவது ஆகும்.

மணிமொழியின் கை மௌஸின் மேலேயே நின்றது. ஜூன் மாதம் அவள் எந்தச் சோதனையும் செய்யவில்லை. பத்து நிமிடம் வைஃபையை நிறுத்த வேண்டும் என்று கேட்டபோது, வார்டு நிறைய ஆள் இருக்கும்போது அதெல்லாம் முடியாது என்று இதே தங்கதுரை மறுத்தார். இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. மாதக் கடைசியில் கம்பெனி ரிப்போர்ட் கேட்டதும் வாய்க்கு வந்த ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிட்டாள். நாற்பது வினாடி.

இப்போது வாயை மூடிக்கொண்டு சுவிட்சுகளைக் கழற்றப் போகலாம். பழியை இடி ஏற்றுக்கொள்ளும். ஆனால் இதுவரை ஒருமுறைகூடச் சேராத பெட்டிகள் இன்றைக்குச் சேரவில்லை என்றால், கோளாறு மாடியில் இல்லை. இந்த அறையிலேயே இருக்கிறது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சார்," என்றாள். "ஜூன்ல நான் டெஸ்ட் பண்ணல."

"இன்னா?"

"பண்ணாமலே எழுதிட்டேன். ரெண்டாவது மிஷின்ல ஒரு பெட்டிகூட எப்பவும் சேர்ந்ததில்ல."

தங்கதுரை அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் ஏறி, பிறகு எதுவோ நினைவுக்கு வந்தது போலப் பார்வை தரைக்குத் தாழ்ந்தது.

"சண்டையெல்லாம் அப்புறம்," என்றார் அறிவுச்செல்வன். குரல் மாறியிருந்தது. "சுவிட்ச உடு. ரெண்டாவதோட லாகைத் தொற. பெட்டி வந்து கதவத் தட்டும்போது அது இன்னா சொல்லுதுன்னு படி."

மணிமொழி அந்தப் பதிவேட்டைத் திறந்து படித்தாள். ஒரே வரி நூற்றுக்கணக்கான முறை வந்திருந்தது. பெட்டியின் சான்றிதழ் ஏற்கப்படவில்லை. இன்னும் நடப்புக்கு வரவில்லை.

"நடப்புக்கு வரலியா? பெட்டிங்க வாங்கி நாலு வருஷம் ஆவுதே சார்."

"வரியோட தலையில தேதி இன்னா போட்டுக்கிது?"

இவ்வளவு நேரம் அவள் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. "ரெண்டாயிரம், ஜூலை பத்தொம்போது."

அறிவுச்செல்வன் மெல்ல ஏதோ முணுமுணுத்தார். இரண்டாவது கன்ட்ரோலரின் கடிகாரம் எப்போதோ நின்றுபோய், இரண்டாயிரமாவது வருடத்தின் முதல் நாளிலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் பின்தங்கிய அந்த இயந்திரத்துக்கு, வந்து நிற்கும் ஒவ்வொரு பெட்டியும், அதன் அடையாளச் சான்றிதழில் உள்ள தேதிப்படி, இன்னும் பிறக்காத பெட்டி. அதனால்தான் உள்ளே விடவில்லை. மணிமொழி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருநூறு நாள். அப்படியானால் மாசியிலேயே கெட்டுப்போயிருக்கிறது. ஜூனில் அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தேதியையும் நேரத்தையும் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூஜ்யம் ஒன்றானது. மூன்று. ஏழு. அவள் போனை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினாள்.

வார்டில் இசைவாணி ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு ஆளை நிறுத்தியிருந்தாள். சொந்தக்காரர்கள், துப்புரவுப் பெண்கள், கேன்டீன்காரர்கூட. எல்லாரும் யாரோ ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளும் மற்ற இரண்டு நர்சுகளும் இருந்த ஒரே ஈசிஜி வண்டியைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் கட்டிலில் பச்சமுத்து. நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், சேர்த்து இரண்டு நாள் ஆகிறது. அவர் மனைவி ஆயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள்.

நர்ஸ் மேசைத் திரையில் கோடுகள் வரத் தொடங்கின. ஒன்றாம் கட்டில். நான்கு. ஒன்பது. பிறகு ஐந்து வந்தது, வந்த உடனே மேசை அலறியது. துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்திநாலு.

"இப்பத்தாம்மா தூங்குறாரு," என்றாள் ஆயம்மாள், ஓடிவந்தவர்களைப் பார்த்து மிரண்டு. "நாடிகூட அடிச்சிக்கினுதான் இருந்திச்சி. மெதுவா."

இசைவாணி அவர் தோளைக் குலுக்கினாள். கண் திறக்கவில்லை. டாக்டர் வந்தார், ஊசி போனது, கட்டில் சக்கரங்கள் கடகடத்துக்கொண்டு ஐசியூ பக்கம் உருண்டன. மணிமொழி சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றாள். திரையில் மற்ற பதினொரு கோடுகளும் ஓடிக்கொண்டிருந்தன.

ஆறு மணிக்குச் செய்தி வந்தது. இதயத்தைத் தூண்ட வயர் வைத்திருக்கிறார்கள், பச்சமுத்துவுக்கு நினைவு திரும்பிவிட்டது, தண்ணீர் கேட்கிறார். ஆயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கீழே தங்கதுரை கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தான் மறுத்ததையும் அதில் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்தாரா என்பது மணிமொழிக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அவளுக்குப் பதில் வேறு ஆள் வருவார் என்று அறிவுச்செல்வன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

போகும் முன் அவள் இசைவாணியைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இசைவாணி கை கழுவிக்கொண்டே கேட்டாள். குழாயை மூடவில்லை.

"மேனேஜர் மாட்டேன்னாரு, சரி. எங்கிட்ட ஏன் கேக்கல? ஆளுக்கு ஒரு கட்டிலு நிறுத்தி, பத்து நிமிஷம் நான் குடுத்திருக்க மாட்டேனா? இன்னிக்கி அத்தத்தான செஞ்சேன்?"

குழாய் ஓடிக்கொண்டிருக்க, இசைவாணி அவள் பக்கம் திரும்பினாள்.

"மூணு மாசமா அந்த ஸ்கிரீன நம்பிக்கினு ராவும் பகலும் உக்காந்திருந்தேன்டி."

வார்டிலிருந்து யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இசைவாணி குழாயை அடைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.