பலகைக்கு ஒரு லாரி

இரண்டு கிடங்குகளில் ஒன்றை மூடப் போகிறார்கள். எதில் வேலை நன்றாக நடக்கிறதோ அது பிழைக்கும். எதை வைத்து அளப்பது என்பதை அந்தந்த மேனேஜரே முடிவு செய்யலாம் என்று தலைமை அலுவலகம் கடிதம் போட்டிருந்தது.

நம் மேனேஜர் ரொம்ப யோசிக்கவில்லை. "காலை ஒன்பது மணிக்குள்ள லாரி கேட்டைத் தாண்டணும். அதான் நம்ம அளவு" என்று சுவரில் ஒரு பலகையை மாட்டிவிட்டார்.

"சரக்கு ஏத்தி முடியலைன்னா, அத்தான்?" என்றாள் அவருடைய மச்சினி. சரக்கு ஏற்றுவதை மேற்பார்வையிடுகிறவள் அவள்தான்.

"சரக்கைப் பத்தி பலகை கேக்கலையே!"

மூன்று மாதமாகப் பலகையில் நூற்றுக்கு நூறு. எட்டு ஐம்பத்தைந்துக்குக் காலி லாரி முன்வாசல் வழியாகக் கம்பீரமாகப் புறப்படும். காவலாளி நேரத்தைக் குறித்துக்கொள்வார். லாரி ஒரு சுற்று சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, சாவகாசமாகச் சரக்கேற்றிக்கொண்டு மதியம் கிளம்பும்.

இன்று தலைமை அலுவலகத்து அதிகாரியம்மா வந்து இறங்கினார். போட்ட நாற்காலியில் உட்காராமல், நேரே லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கடை வரைக்கும் நானும் வர்றேன்."

மேனேஜர் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். டிரைவர் எதையும் கவனிக்கவில்லை. மூன்று மாதப் பழக்கம். மூன்று இடது திருப்பம், பின்வாசல், பிரேக்.

"இறங்குங்க மேடம், சரக்கு ஏத்தணும்."

"இப்பதானே கிளம்பினோம்?"

"அது பலகைக்கு மேடம். இனிமேதான் கடைக்கு."

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம், முப்பத்திரண்டு குடும்பம்... மூடிடாதீங்க."

"அந்த இன்னொரு கிடங்கு என்ன அளவு வச்சிருக்கு தெரியுமா? ஒரு பெட்டிகூட உடையக் கூடாதாம். உடையலை. ஒரு பெட்டிகூட வெளிய போகவும் இல்லை! உங்க ரெண்டு பேரையும் எதை வச்சுய்யா அளக்கிறது?"

"கடைக்காரங்க தினம் எத்தனை தடவை போன் போட்டுத் திட்டுறாங்கன்னு எண்ணுங்க மேடம்" என்றாள் மச்சினி. "அதுல யாரும் ஏமாத்த முடியாது."

அதிகாரியம்மாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "ரெண்டு கிடங்குக்கும் இனி இதான். இன்னையிலிருந்து ஒரு மாசம்."

மேனேஜரின் கை மெல்லப் பின்வாசல் சுவரில் இருந்த போனின் ஒயரை நோக்கிப் போனது.

"எடுக்காத போனுக்கு ரெண்டு திட்டுன்னு கணக்கு, அத்தான்."

கை திரும்பி வந்தது. மணி ஒன்பதரை. பத்து மணிக்குக் கடைகள் திறந்துவிடும். மேனேஜர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துக்கொண்டு லாரியில் தாவி ஏறினார்.

"என்னம்மா பாத்துட்டு நிக்கிறே? அந்தப் பெட்டியை இப்படிக் குடு!"