கம்ப்யூட்டரிடம் ஒரு பேரம்

மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தையில் முருகானந்தம் ஒரு பொருளை ஏசினால், அதை வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். பலாப்பழம் வேண்டுமென்றால் முதலில் வாழைத்தார் பக்கம் போய் நிற்பார். தாரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, ஆஹா ஓஹோ என்று பாராட்டுவார். அப்புறம் போகிற போக்கில் பலாவை விரலால் சுண்டி, இதை எதற்குச் சுமந்துகொண்டு வந்தீர்கள், மாட்டுக்குப் போடவா என்று கேட்பார். விற்கிறவர் முகம் வாடியதும் கிளம்பிவிடுவார். கொஞ்ச தூரம் போனபின் குடையை மறந்தவரைப் போலத் திரும்பி வந்து, பாவம் பார்த்து வாங்குகிற பாவனையில் வாங்கிப் போவார். மலையில் விளையும் மிளகு, பலா, அன்னாசி எல்லாவற்றையும் இப்படித் திட்டித் திட்டியே வாங்கி, நாமக்கல்லுக்கு லாரி ஏற்றுகிற வியாபாரி அவர். வளப்பூர் நாடு என்கிற மலைப்பகுதியில் அவர் கட்டிய, கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு முழுக்க முழுக்க இந்த வித்தையால் எழும்பியது.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அவருக்கு வேறு வித்தை தெரியவில்லை. பரிமளாவைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால், ரோடு சரியில்லை, காப்பியில் சர்க்கரை கூடுதல் என்று குறை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவருடைய அண்ணன்தான் ஓடிப்போய், காலில் விழாத குறையாகப் பேசி முடித்துவைத்தார். பரிமளா அதை இன்றுவரை மறக்கவில்லை. மறக்கப் பார்த்தாலும் காப்பி போடும்போதெல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.

இப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகள் சுசித்ரா. பிளஸ் டூ முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும், அதையும் கோயமுத்தூரில் அரசுக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் மார்க்குக்கு அது கிடைக்கவும் கூடும், கைநழுவவும் கூடும். எல்லாம் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அவள் கொடுக்கும் பட்டியலைப் பொறுத்தது.

பட்டியலைப் போட்டுக் கொடுத்தவர் மெர்சி டீச்சர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மலைப்பள்ளிக்கு மாற்றலாகி வந்து கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவர். முந்தைய வருடங்களில் எந்தக் கல்லூரி எந்த மார்க்கோடு கதவைச் சாத்தியது என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்து, ஆசைக்குக் கொஞ்சம், அளவுக்குக் கொஞ்சம், பத்திரத்துக்குக் கொஞ்சம் என்று அடுக்கியிருந்தார். ஆசையில் முதலில் நின்றது கோயமுத்தூர். நடுவில் சேலம், ஈரோடு பக்கத்துக் கல்லூரிகள். எல்லாம் கைவிட்டால் இருக்கட்டும் என்று கடைசியில் போட்டது, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. அது யார் கேட்டாலும் கொடுக்கும். கேட்காவிட்டாலும் ஆள் அனுப்பிக் கொடுக்கும்.

அப்படி ஓர் ஆள் முருகானந்தம் வீட்டுக்கும் வந்து, கல்லூரி பெயர் அச்சடித்த பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து முருகானந்தம் அந்தக் கல்லூரியைத் திட்டாத நாளில்லை. அது காலேஜா, கோழிப்பண்ணை என்பார். கட்டடத்துக்கு முகலட்சணம் இல்லை என்பார். பஸ்ஸை மட்டும் மலையடிவாரம் வரைக்கும் அனுப்பி, பிள்ளைகளைப் பொழுது சாய்வதற்குள் வீட்டில் சேர்த்துவிட்டால் போதுமா, படிப்பு வேண்டாமா என்பார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போவார்.

மெர்சி டீச்சர் அவரைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பட்டியலைக் காட்டினார். முருகானந்தம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"டீச்சருங்க சொல்றதெல்லாம் செரிதானுங்க. ஆனா எடுத்த எடுப்புல வேணுங்கறதைக் காட்டிட்டா எவனுங்க குடுப்பான்?"

"காட்டித்தான் ஆகணும் சார். அது மேலேயிருந்து ஒவ்வொண்ணா பாக்கும். இவ மார்க்குக்கு எது முதல்ல காலியா இருக்கோ, அதைக் குடுத்துட்டு நிறுத்திரும். அதுக்குக் கீழே பாக்கவே பாக்காது. இது ஆள் இல்லையே, கம்ப்யூட்டர்தானே."

"அதை ஏவி வுட்டது ஆளுதானுங்களே."

டீச்சர் பட்டியலை மடித்து அவர் கையில் கொடுத்தார். முருகானந்தத்துக்கோ விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. டீச்சர் பாவம், மாதச் சம்பளக்காரர். வாழ்க்கையில் ஒரு பலாப்பழம்கூடப் பேரம் பேசி வாங்கியிருக்க மாட்டார். அவரை நம்பிக் கோயமுத்தூரை முதலில் போட்டால், இந்தப் பிள்ளை இதற்குத்தான் அலைகிறது என்று கண்டுகொண்டு கம்ப்யூட்டர் முறுக்கிக்கொள்ளும். வேண்டாததையெல்லாம் மேலே அடுக்கிவிட்டு, வேண்டியதைக் கடைசியில், போனால் போகிறது என்கிற மாதிரி போட்டுவைத்தால்தான் காரியம் ஆகும். பட்டியலை அப்படியே தலைகீழாகத் திருப்பச் சொன்னார்.

சுசித்ரா முடியாது என்றாள். திருப்பினால் அடிவாரத்துக் கல்லூரி முதலில் வந்துவிடும், கம்ப்யூட்டர் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், அதோடு கோயமுத்தூர் போயிற்று என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். அழுதாள். சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, அப்புறம் சமையலறையில் போய்ச் சாப்பிட்டாள். முருகானந்தம் பிடித்த பிடியை விடவில்லை. பட்டியலை உறுதிசெய்து பூட்டுவதற்கு ஓர் ஓ.டி.பி. எண் வரும்; அந்த எண் அவருடைய போனுக்குத்தான் வரும். மகள் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தகப்பன் எண்ணைச் சொல்வான்? அவர் கெடுதல் நினைக்கவில்லை. அவளுக்குக் கோயமுத்தூரை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று மெய்யாகவே நினைத்தார். அதுதான் தொல்லை.

கெடு முடிகிற நாளன்று காலையில் சுசித்ரா தானாக அவரிடம் வந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். கையில் ஒரு காகிதம்.

"அப்பா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தனுங்க. எனக்குக் கோயமுத்தூரு வேண்டாங்க. அடிவாரத்துக் காலேஜுதான் வேணும். தினமும் ஊட்டுக்கு வந்துக்கலாம். அதைத்தான் மொதல்ல எழுதியிருக்கேன். கோயமுத்தூரைக் கடைசியில தள்ளிட்டேன்."

முருகானந்தத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அந்தக் கல்லூரியைத் திட்டிய ஒவ்வொரு நாளும், அவள் பொழுது சாய வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதை அவர் மனதுக்குள் பார்த்துக்கொண்டுதான் திட்டினார். ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கோழிப்பண்ணையா என்று முகத்தைச் சுளித்தார். உன் இஷ்டம் என்று அலுத்துக்கொண்டார். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளோடு முதல் பஸ்ஸைப் பிடித்துச் சோளக்காட்டில் இறங்கினார்.

அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன் ராசு. முருகானந்தம் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்தார். காகிதத்தில் கடைசியாக இருந்த கோயமுத்தூர் கம்ப்யூட்டரில் முதலாவதாக ஏறியது. முதலாவதாக இருந்த அடிவாரத்துக் கல்லூரி கடைசிக்குப் போனது. மகளுக்கு எது வேண்டுமோ அது கடைசியில். அவர் கணக்கில் எல்லாம் பக்காவாக இருந்தது. ராசுவுக்கு மட்டும் குழப்பம். பாப்பாவுக்கு அடிவாரத்துக் கல்லூரி வேண்டுமென்றால் அதைத்தானே அண்ணா முதலில் போட வேண்டும் என்றான். முருகானந்தம் அவன் தோளைத் தட்டி, நீ பட்டனை மட்டும் அமுக்கு, பேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சுசித்ரா சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை அழுத்திக் கடித்திருந்தாள். பிள்ளைக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, போனில் வந்த எண்ணைப் பெருமையோடு உரக்கச் சொன்னார்.

முடிவு வந்த அன்று முருகானந்தம் சந்தையில் மிளகு மூட்டை ஒன்றை வாயாரத் திட்டிக்கொண்டிருந்தார். ராசு சாலையைத் தாண்டி ஓடி வந்து, அண்ணா, பாப்பாவுக்குக் கோயமுத்தூர் விழுந்துவிட்டது, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றான்.

முருகானந்தம் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் அவர் பேரத்தில் தோற்றதில்லை. தோற்றாலும் அடுத்த வாரச் சந்தையில் ஈடுகட்டிவிடுவார். இதை எந்தச் சந்தையில் ஈடுகட்டுவது? பிள்ளை வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருளைப் பெரிய கெட்டிக்காரத்தனமாகக் கடைசியில் போட்டுத் தொலைத்தாகிவிட்டது. டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார், மேலேயிருந்துதான் பார்க்கும் என்று. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனம் வராமல் மிக்சரும் முறுக்கும் வாங்கினார். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் தாயும் மகளும் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அடிவாரத்துக் காலேஜு போச்சு கண்ணு. கோயமுத்தூருதான் கெடைச்சிருக்குது. தப்பு எம்மேலதான்."

சுசித்ரா புளியை அப்படியே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முருகானந்தத்துக்குப் பிடிபடவில்லை. பரிமளாவும் புளிக்கையோடு மகளை அணைத்துக்கொண்டதில் புதுத் தாவணி வீணாய்ப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டதே இதைத்தானுங்கப்பா. நீங்க எப்படியும் திருப்பிப் போடுவீங்கன்னு தெரியும். அதான் திருப்பி எழுதிக் குடுத்தேன்."

முருகானந்தம் திண்டாடிப்போனார். மெதுவாக, ஒவ்வொன்றாக விளங்கியது. வேண்டாததைப் பிள்ளை வேண்டும் என்று சொன்னாள். வேண்டியதை வேண்டாம் என்று தள்ளினாள். இவர் வாயைப் பிளந்துகொண்டு சரக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சந்தையில் இவரிடம் பலாவைப் பறிகொடுத்தவர்கள் வீடு திரும்பும்போது எப்படி இருந்திருக்கும் என்று முதன்முறையாகத் தெரிந்தது. கோபம் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் முறுக்குப் பொட்டலத்தைக் கொஞ்சம் வேகமாகக் கீழே வைத்தார்.

வேலை இன்னும் முடியவில்லை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். அதற்கும் எண் அவர் போனுக்குத்தான் வரும். ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். மூன்று பேரும் அங்கே போனார்கள். சுசித்ரா அம்மாவின் போனில் கவுன்சிலிங் பக்கத்தைத் திறந்தாள். அதற்கு நெட், ஹாட்ஸ்பாட் வழியாக, அப்பாவின் போனிலிருந்துதான் போனது. எண் வந்தது. முருகானந்தம் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று பரிமளாகூட எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு அடிவாரத்துக் காலேஜுதான் வேணுஞ்சாமி. நீ பொழுது சாய ஊட்டுக்கு வரோணும். அதான் எனக்கு வேணும்."

"தெரியுமுங்கப்பா. நீங்க அதைத் திட்டுன திட்டுலயே தெரிஞ்சுது."

"எங்கூட்டுக் காப்பியைக்கூட இத்தனை திட்டலை" என்றாள் பரிமளா.

சுசித்ரா சிரிக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். "எனக்குக் கோயமுத்தூருதான் வேணுமுங்கப்பா" என்றாள்.

இரண்டு பேரும் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று முருகானந்தத்துக்குத் தெரியாது. அந்த மாதிரி வியாபாரம் அவர் செய்ததே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தினமும் போன் பண்ண வேண்டும் என்றார். வாரத்துக்கு ஒரு தடவை என்றாள் மகள். அவர் கால்கள் பழக்கதோஷத்தில் திரும்பின. சந்தைப் பேரத்தில் இந்த இடத்தில்தான் அவர் நடக்க ஆரம்பிப்பார். ஆனால் அவர் நடந்தால் சிக்னலும் கூடவே நடந்துவிடும், பக்கம் அறுந்துபோகும், எண்ணும் காலாவதியாகிவிடும். அவர் இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் நிற்பதைப் பார்த்த சுசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை என்று அவளே இறங்கி வந்தாள். செரி என்றார், மறுபேச்சுப் பேசாமல்.

போனைத் திருப்பிப் பார்த்தார். கடைசி இலக்கத்திலிருந்து படித்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. மகள் காத்துக்கொண்டிருந்தாள். முருகானந்தம் முதல் இலக்கத்திலிருந்து, ஒவ்வொன்றாக, நேராகப் படித்தார்.