மாப்பிள்ளை தலையில் எத்தனை சுழி?

தாயம்மா ஒட்டுக் கேட்கிற ரகமில்லை. மிக்சியை நிறுத்திய நேரத்தில் மகள் போனில் பேசியது தானாக வந்து காதில் விழுந்தது, அவ்வளவுதான். மிக்சியை ஏன் நிறுத்தினாள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

"படத்துலயே தெளிவா கீது ரூபினா. ரெட்டைச் சுழி! ஒண்ணு வலப்பக்கமா சுத்துது, இன்னொண்ணு எடப்பக்கமா சுத்துது. மேல பாத்தா ஒரு பக்கம் போவுது, அடில வேற பக்கம் போவுதாம். உள்ள எறங்கிப் பாக்காம நம்ப முடியாது. எங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு வுட்றாத."

மகள் கார்குழலிக்கும் அவள் தோழி ரூபினாவுக்கும் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அது பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்து உப்புப் பார்க்கிற உத்தியோகம் என்பது தாயம்மாவின் முடிவு. ஆகவே 'படம்' என்றதும் அவளுக்கு நினைவு வந்தது டிவி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மாப்பிள்ளை போட்டோதான். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்த பெண், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வல்லரசுக்குத்தான் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், அடுத்த மாதம் கல்யாணம். இப்போது போய் ரெட்டைச் சுழி! அப்படிப்பட்டவனுக்கு ரெண்டு தாரம் என்பார்களே!

தாயம்மா போட்டோவை எடுத்து உற்றுப் பார்த்தாள். முகம் லட்சணமாகத்தான் இருந்தது. உச்சந்தலை தெரியவில்லை. போட்டோவைத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் ஸ்டுடியோ பெயர் இருந்தது.

யாரிடம் சொல்வது? புருஷன் சின்னப்பையன் வீட்டில் புத்தரைத் தவிர வேறு படம் மாட்ட விடாதவர். ஜாதகம், சகுனம், சுழி என்று வாயைத் திறந்தால், "பகுத்தறிவு இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்று தொடங்கி சோறு ஆறுகிற வரைக்கும் பேசுவார். காலில் விழும் வழக்கமும் அந்த வீட்டில் கிடையாது. இருந்திருந்தால் மாப்பிள்ளை ஆசீர்வாதம் வாங்கக் குனியும்போது ஒரு நொடியில் பார்த்து முடித்திருக்கலாம். பகுத்தறிவால் இப்படியும் ஒரு தொல்லை வரும் என்று தாயம்மா அதுவரை நினைத்ததில்லை.

ஞாயிறன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நின்றுவிட, மாப்பிள்ளை வீட்டார் வியர்த்து வழிந்து திருவொற்றியூர் வந்து சேர்ந்தார்கள். வல்லரசு ஆறடி. நாற்காலியில் உட்கார்ந்தும் உச்சி எட்டவில்லை. கேசரி கொடுக்கிற சாக்கில் தாயம்மா பின்பக்கமாக மூன்று தடவை சுற்றி வந்தாள்.

"சம்பந்தியம்மா இன்னாத்தையோ தேடுறாங்க போல" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா மலர்க்கொடி.

"ஃபேன்ல தூசு" என்றாள் தாயம்மா. சொன்ன வாய் மூடுமுன் ஸ்டூலைப் போட்டு, துடைப்பத்தோடு ஏறியும் விட்டாள்.

நிச்சயதார்த்தத்தின் நடுவில் ஃபேன் துடைத்த மாமியார் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆறு மாத ஒட்டடை அப்படியே மாப்பிள்ளை தலையில் இறங்கியது. "அய்யய்யோ!" என்று அவளே அதைக் கையால் தட்டிவிட்டாள். தட்டிய கை நின்றது.

"ரெண்டு கீதே!"

"இன்னா ரெண்டு?" என்று எழுந்தார் சின்னப்பையன்.

"சுழி! நம்ம பொண்ணே போன்ல சொல்லிச்சு. மேல ஒண்ணு, அடில ஒண்ணாம். நம்ப முடியாதாம்!"

மலர்க்கொடிக்கு முகம் சிவந்தது. "என் புள்ள மேலயும் அடியிலயும் ஒரே மாரிதான்மா!"

கார்குழலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யோ அம்மா, அது கடல் சுழி! எண்ணூருக்கு நேரா, கரைய வுட்டு ரொம்ப வெளிய ரெண்டு சுத்திகினு கீது. ஒவ்வொண்ணும் ஒரு ஜில்லா அகலம். மேல்தண்ணி வடக்கால போவுது, அடித்தண்ணி தெக்கால போவுதுன்னு கணக்கு சொல்லுது."

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாமலா?" என்று கேட்டான் வல்லரசு, தலையில் ஒட்டடையோடு.

"அதான் விஷயமே! சுழி கீழ எறங்குனா அடித்தண்ணியத் திருப்பிடும். அடித்தண்ணி மேல இருக்கிற சுழிய இழுத்துகினு போவும், சிலசமயம் ஒடச்சும் வுட்டுடும்."

"எங்க ரயில் பொட்டிலயும் அதான். அடில சக்கரம் கொஞ்சம் சாஞ்சா, மேல குந்திகினு இருக்கிறவன் டீ கொட்டிடும்" என்றான் வல்லரசு.

"ஆங்! சேட்டிலைட் மேலருந்து எடுத்த படத்துல அடி தெரியாது. கருவி எறக்கித்தான் பாக்கணும். அதுக்குத்தான் அடுத்த மாசம் நான் கப்பல்ல..."

கார்குழலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமும் அடுத்த மாதம்தான்.

மாப்பிள்ளை தலையில் எத்தனை சுழி என்பதே மறந்துபோக, தாயம்மா ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினாள். "அப்போ மூச்சு வுடாதன்னு சொன்னது இதுதானா? வாயில சரி சரின்னுகினே, அடில கப்பலேறப் பொட்டி கட்டினியா?"

"கப்பலுக்கே போவலன்னு சொல்லிடலாம்னுதாம்மா இருந்தேன்." கார்குழலி அம்மாவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். "மூணு வருஷமா இந்தக் கப்பலுக்குத்தான் காத்துகினு இருந்தேன். ஆனா தேதி குறிச்சதுலருந்து நீ அப்படி சிரிச்சுகினு கீற. எப்படிம்மா சொல்றது?"

தாயம்மாவுக்குக் கோபம் பொங்கியது. அடங்கியதும் வலித்தது. மகளின் வாயை அடைத்தது தன் சந்தோஷம்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள், அழுதுவிட்டாள்.

"நான் காத்துகினு இருப்பேன் அத்தை" என்றான் வல்லரசு. மலர்க்கொடி மகனை முறைத்தாள். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சேடா!"

"மண்டபத்துக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன் சம்பந்தி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் தாயம்மா. யாரையும் பார்க்காமல் கேசரித் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே மகளிடம் வெடுக்கென்று கேட்டாள்:

"கப்பல்ல சோறு யாரு பொங்குவா?"