அடிபட்ட நீலக் கார்

அந்த நீலக் கார் வேண்டாம் என்று முடிவெடுக்க நிலோஜினிக்குக் கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. ஏன் வேண்டாம் என்றாள் என்பதைத் தோழி மேர்சியிடம் சொல்வதற்குத்தான் மூன்று மாதம் பிடித்தது.

புலம்பெயர்ந்து வந்த கூர் நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் அவள் பராமரிப்பு வேலை செய்தாள். வீடு மலைப்பாதையில், மாலிக்ஸ் கிராமத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் இறங்கி வருவதற்குள் காலை ஷிஃப்ட் தொடங்கிவிடும். ஹோட்டலொன்றில் சமையல் வேலை பார்க்கும் கணவன் விஜிதரனும் அவளும் இரண்டு வருடமாகக் கார் வாங்கும் கதையைக் கதைத்துக் கதைத்து, கடைசியில் ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை ஜெகதீஸ்வரனிடம் போனார்கள்.

பழைய கார்களை எடுத்துத் திருத்தி விற்பவர் அவர். எல்லோருக்கும் ஜெகன் அண்ணை. அகதிக் குடும்பம் என்று வீட்டுக்காரன் தயங்கியபோது, தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்று இவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

கார் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விஜிதரன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தவன் இறங்கவே மனமில்லாமல் இருந்தான். நிலோஜினி பின்பக்கக் கதவைத் திறந்தாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பழகிய கை. டிக்கியின் விரிப்பையும் தூக்கிப் பார்த்தது. அடியில் தகடு கசங்கிப் பிறகு தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. பின் சீற்றின் கீழே புது வெல்டிங் ஒரு விரல் தடிப்பில் ஓடியது.

"இது என்ன அண்ணை?"

ஜெகதீஸ்வரன் டிக்கியை மூடினார். பிறகு, "உங்களுக்குப் பொய் சொல்லேலாது தங்கச்சி," என்றார். "பின்னால லொறி ஒண்டு வந்து இடிச்ச கார். திருத்துற செலவு காரின்ர பெறுமதியை விடக் கூட எண்டு இன்சூரன்ஸ்காரர் கழிச்சுவிட்டவங்கள். நான் எடுத்து ஒட்டி, வாகனப் பரிசோதனையும் காட்டி எடுத்திட்டன். ஓடும். ஆனா இன்னொருக்கா பின்னால அடி விழுந்தா எப்பிடியெண்டு என்னைக் கேளாதேங்கோ."

விஜிதரன் அவளைப் பார்த்தான். பாதி விலை. பின் சீற்றில் யார் இருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்தாள் நிலோஜினி. மகள் தர்சிகாவுக்கு ஏழு வயது.

"வேண்டாம் அண்ணை."

"சரி. வெளியில மட்டும் கதைக்காதேங்கோ. பிறகு என்னட்ட ஒருத்தரும் வராயினம்."

"ஓம்," என்றாள். அந்த ஓம் சொல்லும்போது ஒன்றும் பாரமாகத் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலில் ஹோர்ன் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அதே நீலக் கார். உள்ளே மேர்சி, வாயெல்லாம் பல்லாக.

மேர்சி அதே இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்பவள். இன்னும் மேலே, சூர்வால்டனில் வீடு. கணவனுக்குத் தூரத்து லுசேர்ண் நகர ஹோட்டலொன்றில் வேலை, லீவுக்குத்தான் வருவான். நாலு வயது மகள் ஜெனிற்றாவைத் தனியாகவே இழுத்துப் பறித்து வளர்க்கிறாள்.

"ஏறடி நிலோ! ஜெகன் அண்ணையிட்ட எடுத்தனான். ஒரு கீறல் விழாத கார் எண்டு எழுதியே தந்தவர். இனி நீ ஏன் பஸ்சுக்கு நிக்க வேணும்?"

நிலோஜினி ஏறினாள். வாய் திறந்தாள். "நல்ல கலர்," என்றது வாய்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள், வாங்கி முடிந்த காருக்கு இனிச் சொல்லி என்ன என்று தோன்றியது. வீடு எடுத்துத் தந்த மனிதரைக் காட்டிக் கொடுப்பதா என்றும் தோன்றியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை: காலையில் குளிரில் நிற்காமல் வேலைக்குப் போவது சுகமாக இருந்தது. காரில் தன் இடம் முன் சீற். வெல்டிங்குக்கு மேலே பிள்ளைச் சீற்றில் ஜெனிற்றா காலை ஆட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் காப்பகத்தில் இறங்கும்போது, "அன்ரி, சாவ்!" என்று அந்த ஊர்ப் பாணியில் விடைசொல்லிக் கை காட்டும். அந்தக் கையைப் பார்க்காமலிருக்க நிலோஜினி கைப்பைக்குள் எதையாவது தேடுவாள்.

ஒக்டோபரில் மேர்சி ஒரு யோசனை சொன்னாள். "புதன் பின்னேரம் ஜெனிற்றாவை நீச்சலுக்குக் கொண்டு போறன். தர்சிகாவையும் ஏத்திக்கொண்டு போறனே?"

"அவளுக்குச் சளி," என்றாள் நிலோஜினி உடனே.

அடுத்த புதனும் சளி. அதற்கடுத்த புதன் காதுவலி. மூன்றாம் முறை மேர்சி இஞ்சி போட்டு ஒரு போத்தலில் கசாயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நிலோஜினி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு சுகமான பிள்ளைக்கு முன்னால், கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

"சொல்லிப்போடன்," என்றான் விஜிதரன்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல எண்டு கேட்டா?"

அவன் கசாயப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

நவம்பரில் முதல் பனி விழுந்த காலை. கூருக்கு இறங்கும் வளைவில் மான் ஒன்று ரோட்டுக்குப் பாய்ந்தது. மேர்சி பிறேக்கை அமத்தினாள். கார் வழுக்கி நின்றது. பின்னால் வந்த லொறியின் வெளிச்சம் காருக்குள் நிரம்பி, இன்னும் நிரம்பி, ஒரு முழத் தூரத்தில் நின்றது. மான் போய்விட்டது. ஜெனிற்றா, "அம்மா, பிஸ்கட் விழுந்திட்டுது," என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து மேர்சி காரை எடுக்கப் போனபோது நிலோஜினி அவள் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதே. இது அடிபட்ட கார். பின்னுக்கு ஒட்டியிருக்கு. நாங்கள்தான் முதல் பாத்தனாங்கள். ஜெகன் அண்ணை என்னட்டச் சொன்னவர்."

மேர்சி முதலில் ஜெகதீஸ்வரனைத்தான் திட்டினாள். எழுதித் தந்த கடதாசி இருக்கிறது, கணவன் வரட்டும், விடமாட்டேன் என்றாள். கைப்பைக்குள் போனைத் தேடினாள். பிறகு தேடுவதை நிறுத்தினாள்.

"அப்ப தர்சிகாவுக்குச் சளி இல்லையோ?"

நிலோஜினி குனிந்துகொண்டு, "இல்லை," என்றாள்.

மேர்சி கார்ச் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இருவரும் இறங்கி, பனியில் முன்னும் பின்னுமாக இல்லம்வரை நடந்தார்கள்.

அன்று பின்னேரம் நிலோஜினியே ஜெகதீஸ்வரனுக்குப் போன் எடுத்துத் தான் சொல்லிவிட்டதைச் சொன்னாள்.

"உங்களுக்காக நான் கையெழுத்து வைச்சவன், தங்கச்சி."

"மறக்கேல்ல அண்ணை. ஆனா அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

"அது உங்களுக்கு இப்பத்தானோ தெரிஞ்சது?" என்றார் அவர்.

எழுதிக் கொடுத்த கடதாசி இருந்ததால் அவர் காசைக் கொடுத்துக் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மேர்சி டிசம்பரில் வேறொரு கார் வாங்கினாள். நிலோஜினி ஞாயிறு ஷிஃப்டை மாற்றிக் கேட்டு, பஸ்சில் போகத் தொடங்கினாள்.

வேலைக்கு வந்த ஒரு நாள், நிலோஜினி மாடியில் அழுக்குத் துவாய்களைக் கூடையில் சேர்த்துக்கொண்டு நின்றபோது மேர்சி சலவை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"நிலோஜினி, நீங்கள் இதை முடிச்சிட்டீங்களோ? நான் கொண்டு போகட்டோ?"

எட்டு வருடப் பழக்கத்தில் மேர்சி அவளை நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை.

"ஓம், கொண்டு போங்கோ," என்றாள் நிலோஜினி.