இரவல் கொடுத்த குரல்

எங்கள் நூலக அரங்கில் ஒவ்வொரு கோடையிலும் எட்டு சனிக்கிழமைகள் விருது வாங்கிய பழைய படங்களைப் போடுவார்கள். மாலை நான்கு மணிக் காட்சி, அனுமதி இலவசம். பாதிப் பேர் படத்துக்கு வருவார்கள், மீதிப் பேர் ஏசிக்கு. படத்துக்கு முன்னால் "கைபேசிகளை அணைத்து வையுங்கள்" என்று ஒரு பெண் குரல் வரும். அது நான்தான். எனக்கு அறுபத்து மூன்று, குரலுக்கு முப்பது என்று சொல்லிக்கொள்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

இந்த வருஷக் கடைசி சனிக்கிழமைக்கு அறிவித்த படம் என் படம். அது என் படம் என்பது என் வீட்டுக்கும் டப்பிங் தியேட்டரின் நான்கு சுவருக்கும் மட்டும்தான் தெரியும். கதாநாயகிக்கு அங்கே நாங்கள் வைத்த பெயர் மகாராணி. நேரில் பார்த்ததே இல்லை. மொழி தெரியாமல் நடிக்க வந்தவர், கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே அழுதிருந்தார். அந்த உதட்டசைவுக்குள் வசனத்தைப் பொருத்தி உட்கார வைத்தவள் நான். அதுவும் ஒரு கோடைதான். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பதினேழாவது டேக்கில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. படத்துக்கு விருது கிடைத்தது, மகாராணிக்கும் சிறந்த நடிகை விருது கிடைத்தது. டைட்டிலில் என் பெயர் கிடையாது.

"அத்தை, உங்களப் பத்திப் போட்டிருக்காங்க!" என்று நிகழ்ச்சிக் குறிப்போடு ஓடி வந்தாள் மருமகள். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது. "'கதாநாயகிக்கு இரவல் குரல் பயன்படுத்தப்பட்டது.' அவ்ளோதான். யாருன்னு போடல."

"விடும்மா, நாப்பது வருஷம் ஆச்சு," என்றான் மகன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏங்க, இரவல்னா திருப்பித் தரணும். திருப்பித் தராத இரவலுக்கு வேற பேரு இருக்கு," என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக என் மண்டையில் உறைக்காதது நேற்று வந்த பெண்ணுக்கு உறைத்துவிட்டது.

அன்றே போய் அரங்கின் செயலாளரைப் பார்த்தேன். அறிவிப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும், கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் இன்னார் என்று. அவர் நல்ல மனிதர்தான். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்வார்.

"எழுதிக் குடுத்தத மட்டும் படிங்க மேடம். அந்தக் கதாநாயகியே நேர்ல வர்றாங்க, மனசு சங்கடப்படும்."

"என் மனசு?"

"நீங்க நம்ம ஆளாச்சே!"

நம்ம ஆள் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய ஆள். இதற்கு எனக்கு அகராதி தேவையில்லை.

கடைசி சனிக்கிழமை அரங்கில் எள் போட்டால் எள் விழாது. பின்னால் கண்ணாடி அறையில் நான் இருந்தேன். படத்தில் அந்த நீதிமன்றக் காட்சி வந்தது. பேச்சை வெட்டும் வக்கீலைப் பார்த்துக் கதாநாயகி சொல்வாள்: "நான் இன்னும் பேசி முடிக்கல. உக்காருங்க." விசில் பறந்தது. படம் முடிந்து மகாராணி மேடை ஏறியதும், "மேடம், அந்த டயலாக்!" என்று ஒருவர் கத்த, அரங்கமே பிடித்துக்கொண்டது. மகாராணி சிரித்தபடியே செயலாளரைப் பார்த்தார்.

செயலாளர் வேர்க்க விறுவிறுக்க என் அறைக்கு ஓடி வந்தார். "மேடம், மானத்தக் காப்பாத்துங்க. நீங்க இங்கேருந்தே சொல்லுங்க, அவங்க வாயசைச்சுக்கட்டும். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. எனக்கு ரத்தம் கொதித்தது. மேசையில் இருந்த கம்பியில்லா மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"எங்க போறீங்க?"

"இரவலத் திருப்பி வாங்க."

நடைவழியில் இறங்கினேன். முட்டி வலித்தது, குரலுக்கு ஒரு குறையும் இல்லை. நீதிமன்ற வசனத்தை முதலிலிருந்து தொடங்கினேன். "பதினோரு வருஷம் அந்த வீட்டுல எல்லாரும் பேசினீங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்..." வரிசை வரிசையாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. மேடையில் வாயசைக்கத் தொடங்கிய மகாராணி பாதியில் நிறுத்திவிட்டார். பின்னாலேயே ஓடி வந்த செயலாளர் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் நின்று திரும்பினேன்.

"நான் இன்னும் பேசி முடிக்கல. உக்காருங்க."

உட்கார்ந்தார். யாரோ ஓர் அம்மாளின் கைப்பை மேல் உட்கார்ந்தார். அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் மருமகள் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்க, பக்கத்தில் மகன் எங்கே ஒளிவது என்று தேடிக்கொண்டிருந்தான்.

மீதி வசனத்தையும் முடித்துவிட்டுத்தான் மேடையடிக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகவே போனேன். மகாராணி ஓரத்துக்கு வந்து மெதுவாகக் குனிந்தார். அவருடைய சொந்தக் குரல் கரகரப்பாக, தயங்கித் தயங்கி வந்தது.

"இந்த சீன்ல நான் பதினாலு வரைக்கும் எண்ணினேன். யார் பேசினாங்கன்னு கேட்டேன், யாரும் சொல்லல. அப்புறம் நானும் கேக்கல. தப்புதான். உங்க பேரு என்ன?"

இதைக் கேட்க நாற்பது வருஷமா என்ற கோபம் எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை. மைக்கை வாயருகே கொண்டுபோய், இனிஷியலோடு என் பெயரைச் சொன்னேன்.

"கேக்கல!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம். என் மருமகள்தான், சந்தேகமே இல்லை. அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

இன்னொரு தடவை சொன்னேன்.