ஏழாவது பேக்கேஜ்

புதன்கிழமையும் பில்டு படுத்துவிட்டது.

பீளமேட்டில், மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்ன கம்பெனி எங்களுடையது. நாங்கள் எழுதுவதையெல்லாம் தினமும் மதியம் ஒரு மணிக்கு மூலையிலிருக்கும் லினக்ஸ் மெஷின் தானாகவே திரட்டி, ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டிவைக்கும். அதற்குப் பெயர்தான் பில்டு. திங்களன்று அந்த மெஷினின் டிஸ்க் போனது. சீனியர் கிருபாசங்கர் புது டிஸ்க் போட்டு, லினக்ஸ் சிடிகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார். அதே திங்களில்தான் உடுமலைப்பேட்டை மில் ஒன்றுக்கு நான் எழுதிய நூல் ரிப்போர்ட் புரோகிராமும் உள்ளே போனது. பழி யார் தலையில் விழும்?

"சாமியாத்தா, நாளைக்கு மத்தியானம் பில்டு வரலைன்னா நீ டேட்டா என்ட்ரிக்குப் போயிரு கண்ணு" என்றார் முதலாளி லட்சுமணசாமி.

கண்ணு வேறு! எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சத்தியமங்கலத்திலிருந்து வந்து எம்.சி.ஏ. முடித்தது பில் நம்பர் தட்டவா?

வியாழன் காலை மெஷின் கக்கியிருந்த வரிகளை முழுதாகப் படித்தேன். என் புரோகிராமைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ரிப்போர்ட்டுக்கு சார்ட் வரைய யாரோ எழுதிவைத்த துணை புரோகிராம், அதாவது பேக்கேஜ், தனக்கு வேறொரு பேக்கேஜ் வேண்டும் என்றது. அதற்கு இன்னொன்று. அதற்கும் ஒன்று. எழுதிக்கொண்டே போனேன். மொத்தம் ஏழு பேக்கேஜ் மெஷினில் இல்லை. நெட்டில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயர் இருந்தது. ஒருவர் பின்லாந்து, ஒருவர் பிரேசில். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த ஏழாவது வெறும் நாற்பது கேபி, அத்தனை சின்னது. எழுதியவன் பெயர் என் வாயில் நுழையவில்லை. உடுமலைப்பேட்டையை அவன் கனவிலும் கண்டிருக்க மாட்டான். ஆனால் அங்கே ஒரு மில்லின் ரிப்போர்ட் அவன் எழுதியதன் மேல் நிற்கிறது. முகம் தெரியாத ஏழு பேர், ஒருவர் தோள்மேல் ஒருவர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோபம்கூட மறந்துவிட்டது.

கொஞ்ச நேரம்தான். அடியில் அந்த ஏழும் இல்லாமல் மேலே சார்ட் பேக்கேஜ் எப்படி ஏறியது? மெஷினில் திங்களன்று தட்டிய கட்டளைகளைப் பார்த்தேன். அடியில் வேண்டியது இருக்கிறதா என்று சோதிக்காதே என மெஷினிடம் சொல்லி ஏற்றியிருந்தார் கிருபாசங்கர்.

"ஏனுங்க கிருபா, மெஷின் வாயைக் கட்டிப்போட்டா ஏத்துனீங்க?"

"மெதுவாப் பேசு அம்மணி. ரெண்டாவது சிடியைக் காணோம், அந்த ஏழும் அதுலதான் இருக்குது. முதலாளி வேற ஆச்சா ஆச்சான்னு நிக்கறாரு. இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு வாய் இருக்குதுங்க."

நேரே முதலாளி அறைக்குப் போனேன். "பில்டு ஆவாதுங்க. ஏழு பேக்கேஜ் இல்லீங்க. கிருபா சோதிக்காம ஏத்திப்போட்டாரு. ரெண்டாவது சிடி வேணுமுங்க."

முதலாளி மேசை டிராயரை இழுத்தார். சிடி உள்ளே இருந்தது.

"பத்திரமா இருக்கட்டும்னு நாந்தான் எடுத்து வெச்சேன். ஒருத்தரும் கேக்கலியே!"

ஏழாவதை முதலில் ஏற்றினேன். பிறகு ஆறாவது, ஐந்தாவது என்று மேலே வந்தேன். மெஷின் எதையும் மறுக்கவில்லை. ஒரு மணிக்கு யாரும் தொடாமலே திரை ஓடத் தொடங்கியது. சோற்றை மறந்து நின்றேன். ஒன்று இருபதுக்கு பில்டு முடிந்தது.

"டேட்டா என்ட்ரிக்கு வேற ஆளைத்தான் பாக்கோணும்" என்றார் முதலாளி, என் பின்னாலிருந்து.

நான் திரும்பவில்லை. அந்த நாற்பது கேபிக்காரன் ஊரில் இப்போது என்ன மணி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.