மாடி ஜன்னலின் பழைய கண்ணாடி

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘நமக்கெதுக்கு’. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் எது நடந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். என் தம்பி சாகும்வரை நானும் சகித்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தினேன்.

தம்பி எங்கள் கடைக்கு எதிர்மாடியில் தையல் வேலை பார்த்தான். கூலி கேட்டு ஆலைத் தொழிலாளிகள் ஊர்வலம் வந்த அன்று ராணுவம் சுட்டது. சத்தம் கேட்டு ஜன்னலருகே போனவன் அங்கேயே விழுந்தான். அது திறக்கவே முடியாத ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். அதைத் துளைத்துக்கொண்டு உள்ளிருந்துதான் முதல் குண்டு வந்தது, பதிலுக்குத்தான் நாங்கள் சுட்டோம் என்றது அரசாங்கம். ஊசியைத் தவிர வேறு ஆயுதம் தொடாதவன் என் தம்பி! ஒரு ஆள்கூடத் துக்கம் கேட்க வரவில்லை. வந்தால் கூட்டாளி என்று பிடித்துப்போவார்களே. அம்மா வாசல் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

வெளிநாடுகள் கவலை தெரிவித்தன. பிறகு ஆழ்ந்த கவலை தெரிவித்தன. “கவலை நம்மகிட்டயே வேணுங்கிற அளவு இருக்கு, இவங்க வேற அனுப்பணுமா?” என்று ரேடியோவை அணைத்தேன்.

ஒரு நாள், விசாரிக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். உடனே எங்கள் தெருவுக்கு யோகம் அடித்தது. சுவருக்கெல்லாம் வெள்ளை. உடைந்த ஜன்னலுக்கெல்லாம் புதுக் கண்ணாடி போட்டு, பழையதைத் தூளாக்கிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு உத்தரவு. மனுஷன் மறுபேச்சில்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். என் தம்பி விழுந்த ஜன்னலுக்கும் அவர்தான் புதுக் கண்ணாடி போட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு மட்டும் வைத்தேன், முகம் கொடுத்துப் பேசவில்லை.

விசாரணைக் குழு எங்கள் தெருவுக்கும் வந்தது. துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றிப் படித்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, அவள் பேச்சை மொழிபெயர்க்க ஒரு பெண். கடை வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. பழைய கண்ணாடி இருக்கிறதா?

“தூளாயிடுச்சு. தூளாக்கின மகராசன் உள்ளதான் இருக்காரு, கேளுங்க” என்றேன்.

அவர் எழுந்துபோய், சுவரில் சாய்த்திருந்த புதுக் கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய ஒன்றை இழுத்து வந்தார். பிரித்தார். உதிராமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டிய ஜன்னல் கண்ணாடி. மேல்பக்கம் ஓர் ஓட்டை.

“ஏங்க...” என்றேன்.

“கீழ்ப்பாதி நல்லாருந்துச்சு. உன் தம்பி போட்டோவுக்கு ஃப்ரேம் போட வெட்டிக்கலாம்னு எடுத்து வெச்சேன். வெட்டப் போனா கை ஓடல.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“உன் வாயில தங்குமா?”

நியாயமான கேள்விதான்.

கண்ணாடியின் ஒரு முகத்தில், ஓரமெல்லாம் பச்சைப் பெயிண்ட் இழுவியிருந்தது. இது எந்தப் பக்கம் என்று அம்மாள் கேட்டாள்.

“வெளிப்பக்கம். ஜன்னல் சட்டத்துக்கு வெளியில பச்சை, உள்ள வெள்ளை. பெயிண்ட் அடிச்சவன் அவசரக்குடுக்கை. மேல போய்ப் பாருங்க, சட்டம் அப்படியேதான் இருக்கு” என்றார்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தாள். பச்சை இருந்த முகத்தில் ஓட்டை சின்னது. மறுமுகத்தில் சில்லு பெயர்ந்து அகலமாயிருந்தது.

“குண்டு வெளியேறுற பக்கம்தான் சில்லு பெயருமாம்” என்றாள் மொழிபெயர்த்த பெண். “இருக்கிறதே ஒரே ஓட்டை. அதுவும் தெருவுலேருந்து உள்ள வந்தது. உள்ளேயிருந்து யாரும் சுடலக்கா.”

நான் குனிந்து அந்த ஓட்டையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“அறிக்கையில போட, கண்ணாடியைக் கழட்டி வெச்சவர் பேரு வேணும். பயமா இருந்தா வெளியில தெரியாம மறைச்சிடலாம்” என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ‘நமக்கெதுக்கு’ என்ற வார்த்தை அப்போது என் நாக்கு நுனியில் நின்றது.

“மறைச்சா, எவனோ செட்டப் பண்ணதுன்னு சொல்லிடுவாங்க” என்றார். “போடுங்க. கடை அட்ரஸையும் சேர்த்தே போடுங்க.”

குழு வந்துபோனதற்கே கடைக்கு அரசாங்கம் சீல் வைத்தது. ஏணியையும் கண்ணாடி வெட்டும் கட்டரையும் தூக்கிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போய் வேலை செய்தார். அறிக்கை வெளிவர மாதங்கள் ஆயின. எங்கள் ராணுவத்துக்குத் துப்பாக்கி விற்றுக்கொண்டிருந்த நாடுகளில் இரண்டு, இனி விற்க மாட்டோம் என்றன. சுட்டவன் இன்னும் வெளியில்தான் திரிகிறான். ஆனால் மாடியில் இறந்த தையல்காரர் யாரையும் சுடவில்லை என்று வெளிநாட்டு ரேடியோ ஊர் உலகத்துக்கெல்லாம் வாசித்தது.

மறுநாள் காலை நான் அம்மா வீட்டில் இருந்தபோது கதவு தட்டும் சத்தம். அம்மா என்னை முந்திக்கொண்டு போய்த் திறந்தாள். தம்பியை வேலைக்கு வைத்திருந்த தையல் கடை முதலாளி நின்றார். அவருக்குப் பின்னால் படியில் இன்னும் நாலைந்து பேர்.

“துக்கம் கேக்க வந்தோம்மா. ரொம்ப லேட்டாயிடுச்சு” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அம்மா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.